“மொஜிபகே” என்றால் என்ன? உடைந்த எழுத்துக்கெல்லாம் அந்தப் பெயர் பொருந்துமா?

வினா
எழுதியவர்: பதிவேட்டுக்காரர், யாங்கோன்

பெரியோர்க்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

எங்கள் பகுதி அம்மன் கோயிலின் உபயதாரர் பதிவேட்டைக் கணினியில் ஏற்றிப் பராமரிக்கும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. இங்குள்ள நம்மவர் பலருக்கு வீட்டில் அழைக்க ஒரு தமிழ்ப் பெயரும் பதிவு அட்டையில் ஒரு பர்மியப் பெயரும் உண்டு என்பதால், ஒவ்வொரு வரியிலும் தமிழ்ப் பெயர், பர்மியப் பெயர், உபய விவரம், தொலைபேசி எண் என நான்கு பத்திகள் வைத்திருக்கிறோம். பழைய கணினி இனி அதிக நாள் தாங்காது என்று தோன்றியதால், முழுப் பதிவேட்டையும் சி.எஸ்.வி. கோப்பாக (பத்திகளைக் காற்புள்ளியால் பிரித்த வெற்று உரைக் கோப்பு) எடுத்து, தம்பி ஒருவரின் மடிக்கணினியில் எக்செல்லில் திறந்தோம். தமிழ்ப் பத்தியில் பேருக்கு ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. தலையில் சாய்கோடு போட்ட ஆங்கிலச் சிறிய ‘ஏ’, அடுத்து மருந்து அட்டைகளில் வட்டத்துக்குள் இருக்குமே அந்த ‘ஆர்’, மறுபடியும் சாய்கோட்டு ‘ஏ’ என்று வரிக்கு வரி இதே கோலம்தான்.

நாங்கள் இதை “எழுத்து உடைந்துவிட்டது” என்றுதான் சொல்லிக்கொள்வோம். ஆனால் அந்த மென்பொருளின் உதவிக் குறிப்பில் இந்தக் கோளாற்றை “மொஜிபகே” என்று ஒரே சொல்லில் குறிப்பிட்டு, வேறு விளக்கம் தராமல் விட்டிருக்கிறார்கள். ஆங்கில அகராதியில் தேடினேன், என்னிடம் இருக்கும் பதிப்பில் அச்சொல் இல்லை. இது எம்மொழிச் சொல், எப்படி உச்சரிப்பது, சரியாக எதைக் குறிக்கிறது?

இன்னொரு ஐயமும் உண்டு. எழுத்து உடைவதில் நான் இதுவரை நான்கு விதங்களைப் பார்த்திருக்கிறேன். முதலாவது, மேலே சொன்ன அன்னியக் குறிகள். இரண்டாவது, எழுத்துக்குப் பதிலாக வெற்றுக் கட்டங்கள். மூன்றாவது, வரிசையாகக் கேள்விக்குறிகள். நான்காவது பர்மிய மொழியில் மட்டும் வருவது: எழுத்துகள் பர்மிய எழுத்துகளாகவே இருக்கும், ஆனால் துணைக்குறிகள் இடம் மாறி உட்கார்ந்து, படித்தால் பொருள் வராது. இந்த நான்கையும் மொஜிபகே என்று சொல்லலாமா, அல்லது ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டா? சங்கத்துக் கையேட்டில் எழுத வேண்டியிருப்பதால் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்பதையும் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.


மறுமொழி 1
எழுதியவர்: கணக்கு மென்பொருள் பராமரிப்பவர், யாங்கோன்

ஐயா, வணக்கம். இது ஜப்பானியச் சொல். ‘மொஜி’ என்றால் எழுத்து. ‘பகே’ என்பது உருமாறுதல் என்னும் வினையிலிருந்து வந்தது. ஜப்பானியக் கதைகளில் நரி மனித உருவெடுத்து வருவதற்கும் இதே வினையைத்தான் சொல்வார்கள், பேய்க்கு வழங்கும் ‘ஒபகே’ என்ற பெயரும் இதே வேரில் பிறந்தது. மொ, ஜி, ப, கே என்று நான்கு அசையாக உச்சரிக்க வேண்டும். ஆங்கில எழுத்தைப் பார்த்து “மோஜிபேக்” என்று படிப்பவர்கள் உண்டு, அது தவறு. ஜப்பானியருக்கு இந்தச் சொல் தேவைப்பட்டதற்குக் காரணம், ஒரே மொழியை எழுத ஷிஃப்ட்-ஜிஸ், இ.யூ.சி. என்று ஒன்றுக்கொன்று ஒத்துவராத குறியேற்றங்கள் (எந்த எழுத்துக்கு எந்த எண் என்று வகுத்த பட்டியல்கள்) அங்கே ஒரே காலத்தில் புழங்கியதுதான். ஒன்றில் எழுதிய மின்னஞ்சலை மற்றொன்றாகப் படித்தால் எழுத்து உருமாறிவிடும். சீனர் இதைக் ‘குழம்பிய குறி’ என்கிறார்கள், ஜெர்மானியர் ‘எழுத்துச் சாலட்’ என்கிற பொருளில் கேலியாகச் சொல்கிறார்கள், இருந்தாலும் உலகமெங்கும் நிலைத்தது ஜப்பானியப் பெயர்தான்.

துல்லியமான பொருள் இதுதான்: ஒரு குறியேற்றத்தில் எழுதப்பட்ட பைட்டுகளை (கணினி சேமிக்கும் 0 முதல் 255 வரையான எண்களை) வேறொரு குறியேற்றத்தின் பட்டியலை வைத்துக்கொண்டு படிப்பதால் விளையும் தவறான எழுத்துத் தொடர். இதில் பைட்டுகளுக்கு ஒரு கேடும் நேர்வதில்லை, படிக்கும் கண்ணாடிதான் மாறிவிட்டது என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். அந்த அளவில் பார்த்தால் தங்கள் நான்கு விதங்களில் முதலாவது மட்டுமே ஐயத்துக்கு இடமில்லாத மொஜிபகே.

‘அம்மன்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். உலக மொழிகளின் எழுத்துக்கெல்லாம் எண் தரும் பொதுப் பட்டியலான யூனிகோட் கணக்கில் அது அ, ம, புள்ளி, ம, ன, புள்ளி என்று ஆறு குறிகள். அந்த எண்களைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூ.டி.எஃப்.-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுக்கும், ஆக மொத்தம் பதினெட்டு. அந்த மூன்றில் முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175, மூன்றாவதுதான் எழுத்துக்கு எழுத்து மாறும். பழைய சி.எஸ்.வி. கோப்பின் தலையில் “இது யூ.டி.எஃப்.-8” என்ற அடையாளம் இல்லாவிட்டால், ஆங்கில விண்டோஸில் உள்ள எக்செல் அதை 1252 என்னும் மேற்கு ஐரோப்பியப் பட்டியலாக எடுத்துக்கொள்கிறது. அந்தப் பட்டியலில் ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து. 224 என்றால் சாய்கோட்டு ‘ஏ’, 174 என்றால் வட்டத்துக்குள் ‘ஆர்’, 175 என்றால் மேலே ஒரு சிறு கிடைக்கோடு. தாங்கள் கண்ட கோலத்தின் கதை இவ்வளவுதான். இன்னும் உற்றுப் பார்த்தால் எழுத்துகளைக்கூட அடையாளம் காணலாம். ‘ம’ என்பது 224, 174, 174 ஆதலால் வட்ட ‘ஆர்’ இரட்டையாக வரும். ‘ன’ என்பது 224, 174, 169 ஆதலால் வட்டத்துக்குள் ‘சி’ போட்ட பதிப்புரிமைக் குறி வரும். ‘க’ வந்த இடத்தில் தடித்த கரும்புள்ளி நிற்கும். நான் இந்த வேலையில் இருந்து இருந்து, பாதி உடைந்த பெயரைக்கூட ஓரளவு படித்துவிடுவேன். பெருமைப்படக்கூடிய திறமையல்ல என்பது எனக்கும் தெரியும்.

இதே பிழையில் பர்மியப் பத்தி வேறு கோலம் காட்டும். அதன் எழுத்துகள் பெரும்பாலும் 225, 128 என்று தொடங்குவதால், எதிர்ப்பக்கம் சாய்ந்த கோடு போட்ட ‘ஏ’யும் யூரோ நாணயக் குறியும் மாறிமாறி வரும். இந்தி என்றால் ஜப்பானின் யென் குறி தலைகாட்டும். எனவே உடைந்த கோப்பு கையில் வந்தவுடன், வட்ட ‘ஆர்’ நிறைந்திருந்தால் தமிழ், யூரோ நிறைந்திருந்தால் பர்மியம் என்று முடிவு கட்டிக்கொண்டு மேலே போகலாம்.

தீர்வு: கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், எக்செல்லின் தரவுப் பட்டியலில் உரைக் கோப்பிலிருந்து பெறும் வழியாகச் சென்று, 65001 யூனிகோட் யூ.டி.எஃப்.-8 என்பதைத் தேர்ந்தால் எல்லாம் ஒழுங்காக வந்துவிடும். எக்காரணம் கொண்டும் உடைந்த தோற்றத்தோடு சேமித்துவிடாதீர்கள். பணிப்புத்தகமாகவோ யூ.டி.எஃப்.-8 கோப்பாகவோ சேமித்தால், அதுவரை பார்வையில் மட்டும் இருந்த பிழை கோப்பினுள்ளேயே குடியேறிவிடும். மூன்று பைட்டாக இருந்த ‘ம’ ஆறு பைட்டாகும், ‘க’ ஏழாகும். கோப்பு காரணமில்லாமல் இரு மடங்குக்குப் பெருத்திருந்தால் அப்படித்தான் நடந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

கட்டங்களையும் கேள்விக்குறிகளையும் பற்றி மற்றவர்கள் எழுதட்டும். நான் இரண்டொரு நாளில் மறுபடி வருகிறேன்.


மறுமொழி 2
எழுதியவர்: அச்சகத்தில் இருந்தவர், மோல்மீன்

கட்டங்களுக்கு மொஜிபகே என்ற பெயர் பொருந்தாது. எழுத்து கோப்பில் சரியாகவே இருக்கிறது, கணினி அதைச் சரியாகவே படித்தும்விட்டது, வரைந்து காட்டுவதற்கு உரிய எழுத்துரு மட்டும் இல்லை. அச்சுக்கோக்கும்போது பெட்டியில் ‘ழ’ தீர்ந்துபோனால் அந்த இடத்தில் ஏதோ ஓர் அச்சைக் கவிழ்த்து வைத்துவிட்டு மேலே போவோம். கையெழுத்துப் பிரதியில் ‘ழ’ இருக்கத்தான் செய்கிறது. கணினிக் கட்டமும் அதே போன்ற இடம்பிடிப்புதான். இதைக் கணினிக்காரர்கள் ‘தோஃபு’ என்கிறார்கள். கூகுள் வெளியிட்ட நோட்டோ எழுத்துரு வரிசைக்கு அந்தப் பெயர் வந்ததும் ‘இனித் தோஃபு இல்லை’ என்ற பொருளில்தான். நம் ஊரில் ஷான்காரர் கடலை மாவில் செய்யும் மஞ்சள் தோஹுவை நினைத்துக்கொள்ள வேண்டாம், இது வெள்ளைச் சதுரமாக வெட்டிய ஜப்பானியச் சோயாத் தோஃபு.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவைக்கிறேன். இலங்கை நண்பர்கள் முன்பு அனுப்பிய கோப்புகள் பலவும் பாமினி எழுத்துருவில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ‘அம்மா’ என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். கோப்பில் உண்மையில் இருப்பதும் அந்த ஆங்கில எழுத்துகள்தாம், எழுத்துருதான் ஆங்கில ‘எம்’முக்கு ‘அ’ என்ற படத்தை வரைந்துகொண்டிருந்தது. இதை எந்த வகையில் சேர்ப்பது என்று எனக்குத் துணிவாகச் சொல்லத் தெரியவில்லை. மொஜிபகே ஆகாது என்பதே என் எண்ணம்.


மறுமொழி 3
எழுதியவர்: மொழிபெயர்ப்பாளர், யாங்கோன்

அச்சக ஐயா கடைசியில் எழுப்பிய ஐயமும், வினவியவரின் நான்காவது விதமும் ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன. அவர் முடிவிலிருந்து நான் மாறுபடுகிறேன்.

பர்மிய மொழியில் துணைக்குறிகள் இடம் மாறுவதற்குக் காரணம், இந்நாட்டில் கணினி தொட்ட எல்லோரும் அறிந்த ஸோஜீ எழுத்துரு. யூனிகோட்டில் பர்மிய எழுத்துகளுக்கென ஒதுக்கிய அதே எண்களைத்தான் ஸோஜீயும் பயன்படுத்தியது, ஆனால் அந்த எண்களுக்குத் தன் விருப்பப்படி வேறு படங்களை வைத்துக்கொண்டது. 4155 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோட்டில் அது எழுத்தின் வலப்பக்கம் வால்போல் தொடரும் யபின். ஸோஜீயில் அதே எண் எழுத்தை இடப்பக்கமிருந்து சுற்றி வளைக்கும் யயிட். ஆகவே ஸோஜீயில் அடித்ததை யூனிகோட் எழுத்துருவில் பார்த்தால் ஒரு குறி வேறொரு குறியாகிவிடுகிறது. ஷான், மோன், கரென் மொழிகளுக்குரிய இடங்களையும் ஸோஜீ தன் குறிகளின் அகல வேறுபாடுகளுக்காக எடுத்துக்கொண்டதால், அம்மொழிக்காரர்களுக்கு நேர்ந்தது இன்னும் பெரிய சங்கடம். யூனிகோட் 5.1 பதிப்பு 2008 ஏப்ரலில் பர்மிய எழுத்துமுறையை நிலைப்படுத்திய பிறகும், நாடு முறைப்படி யூனிகோட்டுக்கு மாறும் நாளாக 2019 அக்டோபர் 1 வந்து சேரும்வரை இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்தன. நம் கோயில்களிலும் கடைகளிலும் உள்ள பழைய பதிவேடுகள் பெரும்பாலும் அந்த இடைக்காலத்துப் பிள்ளைகள்.

வரிசை வேறுபாடும் உண்டு. தமிழில் ‘கெ’ என்று எழுதும்போது கொம்பு முன்னால் தெரிந்தாலும் யூனிகோட்டில் ‘க’ முதலில் வந்து கொம்பு அடுத்து வரும். பர்மியத்திலும் நம் கொம்பைப் போன்ற குறி ஒன்று எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, யூனிகோட் அதைப் பின்னால்தான் சேமிக்கிறது. ஸோஜீ கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே முன்னால் சேமித்தது. தமிழுக்கு இது புதிதல்ல. யூனிகோட் பரவுவதற்கு முன் நாம் மடற்குழுக்களில் எழுதிய டிஸ்கி குறியேற்றமும் கொம்பைத் தெரியும் வரிசையில் முதலில்தான் வைத்தது. ஒரே பெயரை இரண்டு வரிசைகளில் சேமித்த பதிவேட்டில், தேடினால் பாதிப் பேர் கிடைக்கமாட்டார்கள்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். இதை மொஜிபகே என்று சொல்லக் கூடாது என்பவர்களின் வாதம் எனக்குத் தெரியும்: பைட்டுகள் யூ.டி.எஃப்.-8 ஆகவே எழுதப்பட்டு யூ.டி.எஃப்.-8 ஆகவே படிக்கப்படுகின்றன, எண்கள் மாறவில்லை, மாறியது எழுத்துரு மட்டும்தான். ஆனால் குறியேற்றம் என்பது என்ன? இந்த எண் இந்த எழுத்து என்ற உடன்பாடுதானே? ஸோஜீ வேறோர் உடன்பாடு. யூனிகோட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்ததால் அது யூனிகோட் ஆகிவிடாது. ஓர் உடன்பாட்டின்படி எழுதியதை மற்றோர் உடன்பாட்டின்படி படித்து எழுத்து உருமாறினால் அது மொஜிபகேதான். பாமினியும் அப்படியே. ஸோஜீ என்ற சொல்லே யோகி என்பதன் வழியாக வந்து, பர்மியப் பொம்மலாட்டத்தில் செவ்வுடை தரித்து ஆடும் ரசவாதச் சித்தரைக் குறிப்பது. எழுத்தை உருமாற்றும் எழுத்துருவுக்கு யாரோ அறியாமலே நல்ல பெயராக வைத்துவிட்டார்கள்.

ஒரு வேறுபாட்டை மட்டும் மறைக்கக் கூடாது. தமிழ்ப் பத்தியின் பிழை தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும், வட்ட ‘ஆர்’ ஆயிரம் வந்தால் யாருக்கும் தெரியும். ஸோஜீயில் எழுதிய வரி கணினியின் கண்ணுக்கு முறையான பர்மிய எழுத்துத் தொடராகவே இருப்பதால், இது அதுவா இதுவா என்று ஊகிக்கத்தான் முடியும். கூகுளின் மியன்மார் டூல்ஸ் என்ற நிரல் எழுத்துகள் ஒன்றையடுத்து ஒன்று வரும் வாய்ப்பைக் கணக்கிட்டுச் சுழியத்துக்கும் ஒன்றுக்கும் இடையே ஒரு மதிப்பைத் தரும். நீண்ட பத்தியில் அது நன்றாக வேலை செய்யும், இரண்டு எழுத்துப் பெயரில் தடுமாறும். எனவே முழுப் பத்தியையும் ஒரே மூச்சில் ஸோஜீயிலிருந்து யூனிகோட்டுக்கு மாற்றிவிடாதீர்கள். ஏற்கெனவே யூனிகோட்டில் இருக்கும் பெயர்களை மாற்றுக் கருவி மறுபடி மாற்றினால், நல்ல பெயர்கள்தாம் உடையும்.


மறுமொழி 4
எழுதியவர்: அச்சகத்தில் இருந்தவர், மோல்மீன்

தங்கள் வாதத்தை ஏற்கிறேன் அம்மா. உடன்பாடு என்று பார்த்தால் பாமினியையும் சேர்க்கத்தான் வேண்டும். தோஃபு பற்றிச் சொன்னதில் மட்டும் மாற்றமில்லை.


மறுமொழி 5
எழுதியவர்: கணக்கு மென்பொருள் பராமரிப்பவர், யாங்கோன்

அம்மா எழுதியதில் எனக்கும் உடன்பாடே. விட்டுப்போன கேள்விக்குறிகளைப் பற்றி எழுதுகிறேன். தங்கள் கோப்புக்கு இதுதான் ஆபத்தானது.

தமிழ் எழுத்துக்கே இடமில்லாத தரவுத்தளப் பத்தியில் தமிழைப் போட்டால், ஒவ்வொரு குறிக்கும் பதிலாக ஒரு கேள்விக்குறி எழுதப்பட்டுவிடும். மைசீக்வெல் என்னும் தரவுத்தள மென்பொருளின் 8.0 பதிப்பு வருவதற்கு முன் அதன் இயல்புநிலைப் பட்டியல் லத்தீன் எழுத்துக்கானதாக இருந்ததால் பலர் இதில் மாட்டினார்கள். ‘தமிழ்’ என்பது நம் கணக்கில் மூன்று எழுத்து, ஆனால் ஐந்து கேள்விக்குறிகள் நிற்கும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று கணினி எண்ணியிருக்கிறது. அங்கே உருமாற்றம் ஒன்றும் நடக்கவில்லை, எழுத்து செத்தே போய்விட்டது. இதை மொஜிபகே என்று சொல்வது, காணாமற்போனவனை மாறுவேடத்தில் இருக்கிறான் என்று சொல்வது போன்றது. கோப்பில் தலைகீழ்க் கேள்விக்குறியும் ‘அரை’ என்ற பின்னமும் ஜோடி ஜோடியாக வந்தால் அதுவும் இழப்பின் அடையாளமே. யூனிகோட்டில் ‘இங்கே இருந்ததைப் படிக்க முடியவில்லை’ என்பதற்கென்றே ஒரு குறி உண்டு, அதன் மூன்று பைட்டுகளை 1252 பட்டியலில் படித்தால் அப்படித்தான் தெரியும்.

ஆனால் தமிழில் இந்த இரண்டும் கலந்து வரும் ஒரு விசித்திரம் உண்டு. 1252 பட்டியலில் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்களுக்கு எழுத்தே ஒதுக்கவில்லை. உலாவிகள் அவற்றைக் கண்ணுக்குத் தெரியாத குறியாகக் காப்பாற்றி வைத்துக்கொள்ளும். கண்டிப்பான சில நிரல்களோ “இப்படி ஓர் எழுத்து இல்லை” என்று எறிந்துவிடும். இந்த இடங்களில் விழும் தமிழ் எழுத்துகளைப் பாருங்கள்: உகரக் குறியின் மூன்றாம் பைட் 129, புள்ளியினது 141, ‘ஏ’ என்ற உயிரெழுத்தினது 143, ‘ஐ’ என்ற உயிரெழுத்தினது 144. தமிழில் புள்ளியும் உகரமும் இல்லாமல் ஒரு வரி எழுத முடியுமா? ஆகவே அப்படிப்பட்ட நிரல் ஒன்றின் வழியே போய்வந்த கோப்பைத் தலைகீழாக மாற்றி மீட்டால், மற்ற எழுத்தெல்லாம் திரும்பி வந்து, இந்த நான்கு மட்டும் ஓட்டையாக நிற்கும். பைத்தான் நிரல்மொழியில் எஃப்.டி.எஃப்.ஒய். என்ற நூலகம் இதற்காகவே கண்டிப்புத் தளர்ந்த 1252 பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது. எறியப்படுவதற்கு முன்னால் அதைப் பயன்படுத்தினால் ஒன்றும் இழக்காது.


மறுமொழி 6
எழுதியவர்: தமிழாசிரியை, தட்டோன்

தமிழில் என்ன சொல்லலாம் என்ற கேள்விக்கு இதுவரை ஒருவரும் விடை தரவில்லை.

புணர்ச்சியில் எழுத்துக்கு நேரும் விகாரத்தை நம் இலக்கணம் தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்றாக வகுத்திருக்கிறது. மேலே தம்பி எழுதியதைப் படித்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது அதுதான். ஓர் எழுத்து வேறொன்றாக மாறி நிற்பது திரிதல், இருந்தது இல்லாமற்போவது கெடுதல். எனவே மொஜிபகேயை ‘எழுத்துத் திரிபு’ என்றும், கேள்விக்குறியாய்ப் போனதை ‘எழுத்துக் கேடு’ என்றும் கையேட்டில் எழுதலாம். கட்டத்துக்கு இலக்கணத்தில் இடமில்லை, அதை ‘எழுத்துரு இன்மை’ என்று வெளிப்படையாகவே சொல்லிவிடலாம். சிலர் ‘எழுத்துச் சிதைவு’ என்று எழுதுகிறார்கள். சிதைந்தது திரும்பாது என்ற எண்ணத்தை அது படிப்பவருக்குத் தருவதால் எனக்கு அதில் விருப்பமில்லை. பால் தயிரானால் திரும்பாதே, திரிதலிலும் அந்தக் குறை உண்டே என்று கேட்பீர்கள். இலக்கணத் திரிபில் பொற்குடத்தைப் பிரித்தால் பொன்னும் குடமும் முழுதாகத் திரும்பக் கிடைக்கின்றன. அந்தப் பொருளில் கொள்ளுங்கள்.

பயன்படுத்தும்போது “கோப்பில் மொஜிபகே இருக்கிறது” என்பதைவிட “எழுத்து திரிந்துவிட்டது” என்று வினையாகச் சொல்வதே இயல்பாக இருக்கும்.

ஓட்டைகளைப் பற்றியும் ஒன்று சொல்லலாம் என்று நினைக்கிறேன். புள்ளிக்கும் உகரத்துக்கும் இடையேதான் குழப்பம் என்றால், பெரும்பாலான இடங்களில் இலக்கணமே தீர்த்துவைக்கும். மெய்யெழுத்து மொழிக்கு முதலில் வராது, ஆகவே சொல்லின் முதலெழுத்தில் ஓட்டை இருந்தால் அது உகரம். க, ச, ட, த, ப, ற என்னும் வல்லின மெய்கள் தமிழ்ச் சொல்லின் இறுதியில் நில்லா, ஆகவே அவற்றின்மேல் கடைசியில் ஓட்டை இருந்தால் அதுவும் உகரமே: பாபு, அன்பு. ம, ன, ர, ல, ள இறுதியில் என்றால் பெரும்பாலும் புள்ளி. ஏகாரமா ஐகாரமா என்பதைப் பெயரைப் பார்த்தவுடன் சொல்லிவிடலாம், ஐகாம்பரம் என்று எவரும் பிள்ளைக்குப் பெயர் வைப்பதில்லை.


மறுமொழி 7
எழுதியவர்: கணக்கு மென்பொருள் பராமரிப்பவர், யாங்கோன்

ஆசிரியை அம்மாவின் மூன்றில் தோன்றலும் வீணாகவில்லை. கோப்பின் தலையில் யூ.டி.எஃப்.-8 அடையாளமாக வைக்கும் 239, 187, 191 என்ற மூன்று பைட்டுகளை 1252 பட்டியலில் படித்தால், முதல் பெயருக்கு முன்னால் இல்லாத மூன்று குறிகள் வந்து நிற்கும். முதல் உபயதாரரின் பெயர் மட்டும் தேடலில் கிடைக்காமல் போவதற்கு இதுவே காரணமாக இருப்பதுண்டு. ‘எழுத்துத் திரிபு’ என்பதை நானும் ஏற்கிறேன், ஆனால் கையேட்டில் அச்சொல் முதலில் வரும் இடத்திலாவது மொஜிபகே என்ற பெயரையும் சேர்த்து எழுதிவிடுங்கள். பிறகு வருபவர் இணையத்தில் தேடுவதற்கு அந்தப் பெயர்தான் உதவும்.


வினவியவரின் மறுமொழி
எழுதியவர்: பதிவேட்டுக்காரர், யாங்கோன்

அனைவருக்கும் நன்றி. 65001 வழியாகத் திறந்ததும் தமிழ்ப் பத்தியின் பெரும்பகுதி அப்படியே எழுந்து நின்றது. ஆனால் கணக்குத் தம்பி எச்சரித்ததை நாங்கள் முன்பே செய்துவிட்டிருந்தோம் என்பது பிறகுதான் தெரிந்தது. சென்ற ஆண்டுத் தைப்பூச உபயங்களை வேறொருவர் இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு மாற்றுக் கருவியில் போட்டு எடுத்து ஒட்டியிருக்கிறார். அந்த வரிகளைத் தலைகீழாக மாற்றியபோது முருகன் என்பதில் மூன்று ஓட்டைகள், ஏகாம்பரம் என்பதில் தொடக்கத்திலேயே ஓர் ஓட்டை.

நானும் என் மகளும் ஆசிரியை அம்மாவின் விதிகளைப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு ஒரு மாலைப்பொழுதில் எல்லாவற்றையும் நிரப்பினோம். மொழிமுதல் விதியும் வல்லின இறுதி விதியும் சேர்ந்து பாதிக்கு மேல் தீர்த்துவிட்டன, மிச்சத்தைக் கண்ணே படித்துவிட்டது. பர்மியப் பத்தியை மொழிபெயர்ப்பாளர் அம்மா சொன்னபடி வரி வரியாகப் பிரித்து, ஐயமுள்ளவற்றை மட்டும் தனித்தாளில் எடுத்திருக்கிறோம். அது முடிய இன்னும் சில வாரம் ஆகும்.

தமிழில் ஒரே ஒரு பெயர் எந்த விதிக்கும் கட்டுப்படாமல் நின்றது. ரா, அடுத்து ஜ, அதன் மேல் ஓட்டை. ராஜ் என்றும் படிக்கலாம், ராஜு என்றும் படிக்கலாம், வடவெழுத்துக்கு நம் இறுதி விதி செல்லாது. ரசீதின் அடிக்கட்டையைத் தேடி எடுத்துப் பார்த்தால் அதில் பதிவு அட்டைப் பெயரைப் பர்மியத்தில் மட்டும் எழுதியிருந்தார்கள். வேறு வழியில்லாமல் அவருக்கே தொலைபேசியில் பேசினேன். வீட்டில் ராஜு என்பார்கள், கடையில் ராஜ் என்பார்கள், அம்மன் எதைச் சொன்னாலும் திரும்பிப் பார்ப்பாள், உங்களுக்கு எது வசதியோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். உகரம் போட்டிருக்கிறேன்.